பனஞ்சேரியா வடவாயலா

வேல்விழி மெட்ரோ ரயிலை சினிமாவில் பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. சென்னைக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறாள். ஒரு தடவை கல்யாணத்துக்கு, ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு. அப்படிப்பட்டவள், "மெட்ரோ பாதையை முதலில் எந்தப் பக்கம் நீட்டினால் நல்லது என்று நினைக்கிறீர்கள்?" என்று சென்னைவாசிகளுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விருதுநகர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கீழே பருப்பு மண்டி, மேலே அந்த ஆபீஸ். பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு பெண்கள். காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டில் பஞ்சு பிய்ந்திருக்கும். மண்டியில் மூட்டை இறக்கும்போது மேஜை அதிரும். சென்னைக் கம்பெனி ஒன்று இந்த வேலையை இங்கே கொடுத்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு பல் மருத்துவமனைக்காகவும், அதற்கும் முன்னால் ஒரு காலேஜுக்காகவும் போன் போட்டிருக்கிறார்கள். ரயில் பாதைக்கு இதுதான் முதல் தடவை.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஐந்து இடங்கள், ஐந்து நீட்டிப்புப் பாதைகள். கீழ்த்தாங்கல், பனஞ்சேரி, எல்லைமேடு, வடவாயல், ஆற்றுமுனை. மேஜையில் இருக்கும் தாளில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டு இவற்றின் பெயர் இருக்கும். எது முதலில் வேண்டும், எது அடுத்து என்று மக்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் வரிசையில் அந்த எண்களைத் திரையில் உள்ள ஐந்து கட்டங்களில் தட்ட வேண்டும். திரையில் ஊர்ப்பெயர் எதுவும் வராது. பதிவு செய்ததும் சென்னையிலிருந்து அவர்களுக்கு ஒரு மெசேஜ் போகும், இங்கிலீஷில்.

ஆனால் மக்கள் அப்படி வரிசையாகவா பேசுகிறார்கள்? ஒருவர், "எங்க தெருவுல தண்ணி வரலை, அதுக்கு எந்த நம்பர்?" என்பார். இன்னொருவர், "எது வந்தாலும் சரி, ரோட்டைத் தோண்டாம வரணும்" என்பார். ஒரு பெண், "பஸ்ஸையே ஒழுங்கா விட்டா போதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இதற்கெல்லாம் தாளில் எண் இல்லை. எண்பது பேருக்குப் போட்டால் இருபத்தைந்து பேர் முழுசாகப் பதில் சொல்வார்கள். அந்த இருபத்தைந்திலும் பாதிப் பேர் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுத் தப்பித்தால் போதும் என்று சொன்னது போலத்தான் வேல்விழிக்குத் தோன்றும்.

மேற்பார்வை பார்ப்பவள் தஹ்மீனா. நாற்பதைத் தாண்டியவள். அவள் வீட்டில் மூன்று தலைமுறையாக எண்ணெய் வியாபாரம். இவள் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். "பேச்சுல ஊரு தெரியக்கூடாது வேலு. சென்னையில இருந்தே பேசுற மாதிரி பேசணும்" என்பதுதான் அவள் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்தது. வேல்விழியும் நாக்கைக் கட்டிக்கொண்டுதான் பேசினாள். அதை அவிழ்த்துவிட்டது பொன்மணி என்கிற அம்மாள்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அந்த அம்மாளுக்குப் போன் போனது. ஐந்து பெயரையும் கேட்டுவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றாள் அவள்.

"இல்லம்மா, அம்புட்டுதான்" என்று வாய்தவறி வந்துவிட்டது வேல்விழிக்கு.

அந்தப் பக்கம் "ஏ தாயி, நீ எந்த ஊரு?" என்று குரல் மாறியது.

"சென்னைதான் மேடம்."

"சென்னையில எவ அம்புட்டுங்கிறா? சாத்தூருப் பக்கந்தான நீ? நான் இருக்கன்குடிக்காரி. இருவது வருசம் தீப்பெட்டிக் கம்பெனியில வேலை பார்த்தேன். இப்ப மகன்க வீட்டுல இருக்கேன்."

வேல்விழி தஹ்மீனாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "சாத்தூருக்குக் கிழக்க, பெரியம்மா" என்றாள், குரலை இறக்கி.

பொன்மணிக்கு இரண்டு மகன்கள். பெரியவன் வீடு பனஞ்சேரியில், சின்னவன் வீடு வடவாயலில். இரண்டும் நகரத்தின் இரண்டு கோடி. இப்போது பெரியவன் வீட்டில் இருக்கிறாள். "பனஞ்சேரியை மொதல்ல போடு. மத்ததை நீயே பார்த்துப் போட்டுக்கோ" என்றாள். தாளில் பனஞ்சேரிக்கு எண் இரண்டு. வேல்விழி இரண்டை முதல் கட்டத்தில் தட்டினாள். மற்ற நாலையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் பதிவு செய்தாள். நல்லபடியாகத்தான் முடிந்தது.

மறுநாள் ஆபீஸ் எண்ணுக்கு ஒரு போன். எடுத்த பெண், "சாத்தூர்ப் பக்கத்துப் புள்ளையக் குடுங்கன்னு ஒரு அம்மா கேக்குறாங்க" என்று சிரித்துக்கொண்டே வேல்விழிக்கு மாற்றிவிட்டாள்.

"நான் உன்கிட்ட என்ன சொன்னேன், நீ என்ன எழுதியிருக்க?" என்றாள் பொன்மணி. மெசேஜை அவளுக்குப் படிக்கத் தெரியாது. பெரிய மருமகள்தான் படித்துக் காட்டியிருக்கிறாள். முதல் விருப்பம், வடவாயல் என்று வந்திருக்கிறதாம். "'ஏன் அத்தை, சோறு இங்க, மனசு அங்கயா'ன்னு கேட்டுட்டா. நான் எங்க போய் முட்டிக்கிட?"

வேல்விழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கைத் தட்டிவிட்டோமா? இரண்டும் நான்கும் பக்கத்துப் பக்கத்து விசைகூட இல்லையே! மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பழைய பதிவைத் திறந்து, விரலைப் பார்த்துக்கொண்டே இரண்டைத் தட்டினாள். "இப்ப சரியாப் போட்டுட்டேன், பெரியம்மா."

மூன்றாம் நாள் மறுபடியும் போன். இந்தத் தடவை அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. மறுபடியும் வடவாயல் என்றே மெசேஜ் வந்திருக்கிறது. அதற்குள் பேச்சு சின்ன மருமகள் காதுக்கும் போய்விட்டது. அவள் சந்தோஷமாகப் போன் போட்டு, "எங்க பக்கத்தையா மொதல்ல சொன்னீக அத்தை? வாங்க, இங்கன வந்து ஒரு மாசம் இருங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"அவ அம்புட்டு ஆசையாக் கூப்பிட்டுட்டா, தாயி. இப்பப் போய் இல்லைன்னு எப்படிச் சொல்ல? வடவாயலே இருந்துட்டுப் போகட்டும். அதையே போட்டுரு."

"நெசமாத்தான் சொல்றீகளா?"

"நெசந்தான். போடு."

வேல்விழி நான்கை முதலில் தட்டினாள். தட்டியதைத் தஹ்மீனாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். "நாலுதான போட்டிருக்கேன் அக்கா?" "நாலுதான். ஏன் இப்படிப் பயப்படுற?" என்று கேட்டுவிட்டுப் போனாள் அவள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பொன்மணி கூப்பிட்டாள். "பனஞ்சேரின்னு வந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். சின்ன மருமகளிடம் இவளே பெருமையாக, வடவாயல் என்று மெசேஜ் வரும், பார் என்று சொல்லி வைத்திருந்தாளாம். இப்போது பெரியவளும் நம்பவில்லை, சின்னவளும் நம்பவில்லை.

வேல்விழி அன்று சாத்தூரில் இறங்கி, ஊருக்குப் போகும் மினி பஸ்ஸுக்கு நிற்கும்போது விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டாள். தான் இரண்டு என்று நினைத்தால் கை நான்கைத் தட்டுகிறதா? தஹ்மீனா அக்காவும் பார்த்தாளே! அப்படியென்றால் அவள் கண்ணுக்கும் தப்பாகவா தெரிந்தது?

காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷனிடம் சொன்னாள். முனியராஜுக்கு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. கம்பெனி வேன் ஆறரைக்கெல்லாம் வந்துவிடும். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான். இரண்டு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னான்.

"அந்தம்மா மொதல்ல பனஞ்சேரின்னுச்சு. வடவாயல்னு போயிருச்சு. அப்புறம் வடவாயல்னுச்சு, பனஞ்சேரின்னு போயிருச்சு. அப்படித்தான?"

"ஆமா."

"அப்ப எல்லாம் தலைகீழாப் போகுது. உன் கையில என்ன இருக்கு? என் நம்பரைப் போட்டுப் பாரு. ரெண்டைத் தட்டு, என்ன வருதுன்னு பார்ப்போம்."

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று வேல்விழிக்கு வெட்கமாக இருந்தது. தன் எண்ணைப் போட்டால் ஆபீஸில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவன் எண்ணென்றால் யாருக்கும் தெரியாது. பத்து மணிக்கு முனியராஜ் என்பதற்குப் பதிலாக ராஜ் என்று பெயர் போட்டு, புதிய ஆள் ஒருவரைச் சேர்த்து, இரண்டை முதலில் தட்டினாள். ஆனால் பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலிலேயே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் வேலை முடிந்து போனை வாங்கிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு நாள் முழுக்க அவள் தட்டிய ஒவ்வொரு இரண்டும், ஒவ்வொரு நான்கும் அவளைப் பயமுறுத்தின. யாராவது பனஞ்சேரி என்றால் தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தட்டினாள். எல்லைமேடு என்றால் நிம்மதியாக இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு முனியராஜ் கூப்பிட்டான். பக்கத்தில் இருந்த ஆளிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறான். "வடவாயல்" என்றான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தஹ்மீனாவிடம் போய் நின்றாள் வேல்விழி. புருஷனின் எண்ணைப் போட்டதையும் மறைக்கவில்லை. தஹ்மீனா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ வேல்விழியின் மேஜைக்கு வந்து, தாளை எடுத்தாள். அதைத் தூக்கியதும் அடியில் இன்னொரு தாள் இருந்தது. அதில் இரண்டு வடவாயல். நான்கு பனஞ்சேரி.

"இதை நான் போன வாரம் புதன்கிழமையே கொடுத்தேனே, புள்ள."

அப்போதுதான் வேல்விழிக்கு ஞாபகம் வந்தது. புதன்கிழமை மத்தியானம் தஹ்மீனா எல்லா மேஜைக்கும் ஒரு தாள் வைத்துவிட்டுப் போனாள். சென்னையில் வரிசையை மாற்றியிருக்கிறார்கள் என்றாள். பழைய தாளில் வேல்விழி எந்தப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தாள். அந்தக் குறிப்பைப் பிறகு பெயர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று புதியதை அடியில் வைத்தவள், அப்படியே மறந்துபோனாள்.

தஹ்மீனா பன்னிரண்டு மேஜைக்கும் நடந்தாள். ஐந்து மேஜையில் பழைய தாள். ஏழு மேஜையில் புதியது. அந்த ஏழில் ஒருத்தி இரண்டையும் வைத்துக்கொண்டு, காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாகப் பார்த்திருக்கிறாள்.

"எம் மேலயும் தப்பிருக்கு. பழசைத் திருப்பி வாங்கியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, தஹ்மீனா சென்னைக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்ததால் வேல்விழிக்கும் கேட்டது. எதிர்முனையில் நல்லசிவம் என்கிற அதிகாரி. கணக்கெடுப்பு முழுக்க அவர் பொறுப்பு.

"புதன்கிழமைக்கு அப்புறம் பழைய தாளை வச்சிருந்தவங்க பதிவையெல்லாம் தலைகீழா மாத்திட்டாப் போதும்தானே?" என்றார் அவர்.

"கம்ப்யூட்டர்ல நீங்க வரிசையை எப்ப மாத்தினீங்க சார்?"

"தாள் அனுப்பினப்போதான்... இல்ல, இருங்க." அவர் யாரிடமோ கேட்டார். மறுபடி வந்தார். "திங்கட்கிழமையே மாத்திட்டதா ஒரு பையன் சொல்றான். இன்னொருத்தர் புதன்கிழமைதான்னு சொல்றார்."

"திங்கட்கிழமைன்னா, புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் இங்க பன்னிரண்டு மேஜையும் தப்பு. புதன்கிழமைன்னா, அதுவரைக்கும் எல்லாமே சரி."

"ஆமாம்" என்றார் நல்லசிவம். மறுபடியும், "ஆமாம்" என்றார்.

தஹ்மீனா ஒரு காகிதத்தில் கட்டம் போட்டாள். திங்கள், செவ்வாய், புதன். பழைய தாள், புதிய தாள். எந்தக் கட்டத்தில் சரி, எந்தக் கட்டத்தில் தப்பு என்று குறிக்க ஆரம்பித்து, நடுவில் தானே குழம்பி, அடித்துவிட்டு மறுபடி போட்டாள். வேல்விழி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது புரிந்தது மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் பேருடைய பதிலில் எத்தனை தலைகீழாக நிற்கிறது என்று அந்த அறையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"திரும்பக் கேட்டுருவோம் சார்" என்றாள் வேல்விழி, தஹ்மீனாவின் தோளுக்குப் பின்னாலிருந்து. தஹ்மீனா திரும்பிப் பார்த்தாள். நல்லசிவம், "யார் பேசுறது?" என்றார்.

"அந்தத் தப்பைக் கண்டுபிடிச்ச பொண்ணு சார்" என்றாள் தஹ்மீனா. தப்பைச் செய்த பெண்ணும் அவள்தான் என்பதை அவள் சொல்லவில்லை.

இரண்டு நாள் கொடுத்தார்கள். சந்தேகமான பதிவுகளில் முடிந்தவரை மறுபடி கேட்பதென்று முடிவாயிற்று. இந்தத் தடவை எண் சொல்லாமல், ஊர்ப்பெயரையே கேட்டுத் தாளில் எழுத வேண்டும் என்றாள் தஹ்மீனா. வேல்விழிக்கு முப்பத்தேழு பேர் கிடைத்தார்கள். அவர்கள் சொன்னதை முதலில் பதிவான வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சில பேருடையது அப்படியே பொருந்தியது. சில பேருடையது இரண்டையும் நான்கையும் மாற்றிப்போட்டால் பொருந்தியது. ஆனால் பதினான்கு பேருடையது எப்படிப் போட்டாலும் பொருந்தவில்லை. போன வாரம் கீழ்த்தாங்கல் என்றவர் இந்த வாரம் ஆற்றுமுனை என்கிறார். "நீங்க முன்னாடி வேற சொன்னீங்களே சார்" என்றால், "அப்படியா சொன்னேன்?" என்கிறார். ஒருவர், "நேத்து மழையில மாட்டிக்கிட்டேம்மா, அதான் மாத்திட்டேன்" என்றார்.

தப்பைத் திருத்தினால் சரி கிடைக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அடியில் சரி என்று ஒன்று இருக்கிறதா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது. அதைத் தஹ்மீனாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பதினான்கு பேரின் பட்டியலை மட்டும் கொடுத்தாள். தஹ்மீனா ஒவ்வொரு பெயராகப் படித்தாள். "இதையும் அனுப்பிடுவோம்" என்றாள். அனுப்பினார்கள். பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

பொன்மணிக்கு மட்டும் வேல்விழி போன் போடவில்லை. கையைக் கொண்டுபோவாள், எடுத்துவிடுவாள். அந்தப் பதிவு கடைசியாக வந்தபடியே, பனஞ்சேரி முதலாக நின்றது.

ஆடி மாதம் பேப்பரில் செய்தி வந்தது. முதலில் எல்லைமேட்டுப் பாதை. இரண்டாவது பனஞ்சேரி. வடவாயல் நான்காவது. வேல்விழி அதை வெட்டி வைத்துக்கொண்டு மனசுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எல்லைமேடு எந்தத் தாளிலும் மூன்றுதான், அதில் குழப்பம் இல்லை. இரண்டாவதும் நான்காவதும்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தஹ்மீனா நல்லசிவத்தைக் கேட்டாள். நிலம், கூட்டம், செலவு என்று பலதையும் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள் என்றும், மக்கள் கருத்துக்கு நூறில் பத்து மதிப்பெண்தான் என்றும் அவர் சொன்னாராம். "அப்ப நம்ம தப்பால ஒண்ணும் கெட்டுப்போகலை, புள்ள" என்று தஹ்மீனா ஆறுதல் சொன்னாள். கெட்டுப்போகவில்லை என்று சந்தோஷப்படுவதா, அந்த இரண்டு நாளும் தொண்டை கட்ட மறுபடி கேட்டதற்கு மதிப்பில்லை என்று வருத்தப்படுவதா என்று வேல்விழிக்குத் தெரியவில்லை.

ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாள், பொன்மணியே ஆபீஸுக்குப் போன் போட்டாள். இருக்கன்குடிக்கு வந்திருக்கிறாளாம். "நாளைக்குக் கோயிலுக்கு வருவியா? உன் முகத்தைப் பார்க்கணும்" என்றாள். வேல்விழிக்குப் பயம்தான். ஆனாலும் போனாள்.

கோயிலைச் சுற்றிக் காலை வைக்க இடமில்லை. ஆற்று மணலில் பொங்கல் வைக்கிறவர்களின் புகை கண்ணைக் கரித்தது. மொட்டையடித்த தலைகள், வேப்பிலை, மைக்கில் காணாமல்போன பிள்ளைகளின் பெயர்கள். சொல்லியிருந்தபடி வளையல் கடை வரிசையின் முனையில் பொன்மணி நின்றாள். போனில் கேட்ட குரலுக்கு வேல்விழி ஒரு பெரிய உருவத்தை நினைத்து வைத்திருந்தாள். நின்றதோ ஒல்லியான, குட்டையான அம்மாள். பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, கையில் பூசைத் தட்டோடு.

"இதுதான் என் சின்ன மருமக. ஏத்தா, இந்தப் புள்ளதான் போன்ல பேசுனது" என்று சிரித்தாள் பொன்மணி.

வேல்விழிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "பெரியம்மா, அது உங்க தப்பில்ல. என்கிட்ட இருந்த தாளுதான் தப்பு. நீங்க ஒண்ணு சொன்னா வேற ஒண்ணு போயிருச்சு. உங்களுக்குத்தான் வீட்டுல பேச்சு. என்னை மன்னிச்சிருங்க" என்று கடகடவென்று கொட்டிவிட்டாள்.

மருமகள் புருவத்தைச் சுருக்கினாள். "அப்ப வடவாயல்னு வந்துச்சே, அது தப்பா?" மாமியாரைப் பார்த்தாள். "அப்ப நீங்க மொதல்ல சொன்னது எதை, அத்தை?"

பொன்மணியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கூட்டத்தில் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். அவள் நகரவில்லை.

"எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?" என்றாள். "அந்தப் புள்ளையவே கேளு. அதுதான எழுதுச்சு."

இருவரும் வேல்விழியைப் பார்த்தார்கள். இந்தக் கணக்கெடுப்பு முழுவதிலும் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்த ஒரே விஷயம் அது. காலை பதினோரு மணி, 'பனஞ்சேரியை மொதல்ல போடு' என்ற அந்தக் குரல். தப்பைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்தவள், இப்போது ஒரு சரியைச் சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. மருமகளின் தட்டில் சூடம் காற்றில் உருண்டு விளிம்புக்குப் போனது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"எங்க ஞாபகம் இருக்கு, அக்கா? ஒரு நாளைக்கு எண்பது பேருகிட்டப் பேசுறோம்" என்றாள் வேல்விழி. "ரெண்டு ஊரையும் சேர்த்துச் சொன்ன மாதிரிதான் இருந்துச்சு."

"சேர்த்தா?"

"ஆமா. நான்தான் குழம்பிட்டேன்."

மருமகள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே போகும் வரிசை நகர, பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். பொன்மணி வேல்விழியின் கையைப் பிடித்து, ஒரு முழம் கதம்பத்தை வைத்து மூடினாள். கையை விடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்தாள். நன்றி சொல்லும் பார்வையா, உண்மையிலேயே மறந்துபோன ஒருத்தி நீயாவது சொல்லியிருக்கலாமே என்று பார்த்த பார்வையா, ஒன்றும் பிடிபடவில்லை. கூட்டம் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சாத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தாள். பூவைத் தலையில் வைக்க ஒரு கை போதவில்லை. சொன்னது சரிதானா என்று முனியராஜிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். அவன் மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்வான். எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.